தொடாக்காஞ்சி: புண்பட்ட வீரரைப் பேணிய மனையும் புரந்த அரசும்

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணைக்கு வகுக்கும் துறைகளுள் இரண்டு, போரில் புண்பட்டு உயிருடன் கிடக்கும் வீரனைப் பொருளாகக் கொண்டவை. காக்கும் சுற்றத்தார் எவரும் இல்லாத நிலையில் புண்பட்டவனைப் பேயே அருகிருந்து ஓம்புவதாகக் கூறுவது பேய்க்காஞ்சி. கணவனின் புண்ணைப் பேய் நெருங்காதவாறு மனைவி விலக்கிக் காப்பதைக் கூறுவது தொடாக்காஞ்சி. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. புண்பட்டவனின் கதியை இலக்கணம் புண்ணின் ஆழத்தைக் கொண்டு வேறுபடுத்தவில்லை. அவனருகில் ஆள் உண்டா இல்லையா என்பதைக் கொண்டே வேறுபடுத்துகிறது.

அருகிருந்த அந்த ஆள் இலக்கியத்திலும் கல்வெட்டிலும் பிற்கால அரசு ஆணைகளிலும் எவ்வாறு பதிவாகியுள்ளார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திருமலையாகிய வேங்கடமும் அதன் தெற்கிலும் மேற்கிலும் விரியும் சித்தூர், வேலூர் நிலப்பகுதியும் இதற்கு ஏற்ற களமாகும். தமிழ்கூறும் நல்லுலகின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும் மலை அது. மாமூலனார் அகநானூற்று 61-ஆம் பாடலில் அதனைக் கள்வர் கோமான் புல்லியின் மலையாகக் காட்டுகிறார். ஆநிரை கவர்தலும் மீட்டலும் பிற்காலத்திலும் ஓயாத எல்லைநிலம் இது. நடுகற்கள் செறிந்த பகுதியும், அண்மைக் காலத்தில் பல தலைமுறைகளாகப் படைக்கு ஆள் அனுப்பிவரும் பகுதியும் இதுவே.

மனையில் நிகழ்ந்தவை

தொடாக்காஞ்சிக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பெறும் பாடல் அரிசில்கிழார் பாடிய புறநானூறு 281. புண்பட்ட வீரனின் மனைவி தோழியை அழைத்துப் பேசுவதாக அமைந்தது அது. இரவமர இலையும் வேம்பும் வீட்டில் செருகப்பெறுகின்றன. யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. மை பூசப்படுகிறது. வெண்சிறு கடுகு சிதறப்படுகிறது. ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப்பண் பாடி, மனை முழுவதும் நறும்புகை எழுப்பப்படுகிறது. இத்தனையும் ஒருவனது புண்ணைக் காப்பதற்காக.

வேம்பும் புகையும் நோய்க்கிருமிகளைக் கொல்லும் என்று கூறி இப்பாடலை மருத்துவ நூலாக்கிக் காட்டும் போக்கு ஒன்று உண்டு. அது தேவையற்றது. பாடலில் வரும் பெண் பேயை விரட்டுகிறாள். அதனை மறைத்துப் பயனில்லை. அவள் செய்யும் செயல்களின் எண்ணிக்கையும் தொடர்ச்சியுமே ஈண்டுக் கருதத்தக்கவை. இவற்றுள் எதுவும் ஒருமுறை செய்து ஓயக்கூடியதன்று. புகை அடங்கினால் மீண்டும் இடவேண்டும். பாட்டு நின்றால் மீண்டும் தொடங்கவேண்டும். இரவு முழுவதும் விழித்திருத்தல் இங்கு ஒரு பணியாகவே பாடப்பெற்றுள்ளது. அவள் தோழியை உடனழைப்பதும் நோக்கத்தக்கது. ஒருத்தியால் முடியாத வேலை என்பதை அந்த அழைப்பே உணர்த்திவிடுகிறது.

அப்பாடலில் வீரனைக் குறிக்கும் அடைமொழி ஒன்று வழக்கை வேறு தளத்திற்குக் கொண்டுசெல்கிறது. வேந்தனுக்கு வரவிருந்த துன்பத்தைத் தான் தாங்கிக்கொண்டவன் அவன் என்கிறாள் மனைவி. கடன் வேந்தனுடையது; அதனைத் தீர்க்கும் உழைப்போ மனைக்கு உரியதாகிறது. இதனை முறையீடு என்று கொள்வதற்குப் பாடலில் வெளிப்படையான சொல் இல்லை. ஆயினும் கணவனின் புண்ணைச் சொல்லும் இடத்திலேயே வேந்தனையும் அவள் சொல்லிவிடுகிறாள்.

வெள்ளைமாளர் பாடிய 296-ஆம் பாடல் இக்காட்சியை ஊரளவில் விரிக்கிறது. ஒரு வீட்டில் வேப்பங்கிளை ஒடிக்கிறார்கள்; ஒரு வீட்டில் காஞ்சி பாடுகிறார்கள்; நெய் தோய்ந்த கையோடு கடுகைப் புகைக்கிறார்கள். எல்லா வீடுகளும் ஆரவாரமாக இருக்க, ஒருவனது தேர் மட்டும் இன்னும் திரும்பவில்லை. வராதவனின் வீரத்தைச் சொல்வதே புலவரின் நோக்கம். ஆயினும் அதற்குப் பின்புலமாக வந்தவர்களின் வீடுகளை அவர் வரைந்துவிட்டதால், ஒரு போருக்குப் பின் ஓர் ஊர் எவ்வாறு இருந்தது என்ற அரிய செய்தி கிடைக்கிறது. பேணுதல் அங்கு ஒரு குடும்பத்தின் தனித்துயராக இல்லை. தெரு முழுவதற்கும் பொதுவான வேலையாக இருந்தது.

பிற பாடல்களில் இதன் துணைச்சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்து 42-ஆம் பாட்டில் புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசிக்கு, குளத்தில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவை உவமையாகிறது. புறநானூறு 353-இல் மகளைக் காக்கும் மறக்குடியினரின் புண்களில் வைத்த பஞ்சுகூட இன்னும் எடுக்கப்படவில்லை. ஈர்ந்தூர்கிழான் தோயன்மாறனைப் பாடும் 180-ஆம் பாடல், புண் ஆறிய பின்னரும் எஞ்சும் உடலைக் காட்டுகிறது. மருந்துக்காக வெட்டி வெட்டி எடுக்கப்பெற்ற மரம்போல அவன் உடல் வடுப்பட்டிருக்கிறது. மரத்தை அவ்வாறு வெட்டியவன் பகைவன். அந்த மரம் பட்டுப்போகாமல் காத்தவர் எவர் என்பதை அப்பாடல் சொல்லவில்லை.

புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார் இத்துறையை இரண்டாகப் பிரிக்கிறார். மனைக்கண் காவல் இருந்தும் பேய் புண்ணைத் தொட்டுவிடுவது தொட்டகாஞ்சி. தொட அஞ்சி நீங்குவது தொடாக்காஞ்சி. தொல்காப்பியத்தில் இல்லாத முந்தைய துறை கூடுதலான ஓர் உண்மையை ஏற்றுக்கொள்கிறது. காப்பவள் தன் கடமையில் தவறாதபோதும் காவல் தோற்கக்கூடும். படுத்த நோயாளியை ஆண்டுக்கணக்கில் பேணியவர்க்கு இதன் பொருள் விளக்கமின்றியே விளங்கும்.

அரசன் செய்தவை

அரசன் பக்கத்தை இலக்கணம் தழிஞ்சி என்னும் வஞ்சித்துறையால் குறிக்கிறது. போரில் அழிந்து புண்பட்டோரை அரசன் தானே சென்று கண்டு, பொருள் அளித்தும் நலம் வினவியும் தழுவிக்கொள்வதாக உரையாளர் இதனை விளக்குவர். இதற்கு மிகச் சிறந்த இலக்கியம் நக்கீரரின் நெடுநல்வாடை. வாடைக்காற்று வீசும் நள்ளிரவு. பாசறையில் விளக்குச் சுடர்கள் காற்றுக்குத் தெற்கே சாய்கின்றன. வேம்பு சூட்டிய வேலேந்தி முன்செல்லும் படைத்தலைவன் புண்பட்டோரை ஒவ்வொருவராகக் காட்ட, பாண்டியன் சிலரோடு மட்டும் நடந்துசென்று அவர்களைக் காண்கிறான். முல்லைப்பாட்டிலும் அரசன் புண்பட்ட யானைகளையும் வீரரையும் எண்ணித் துயிலாதிருக்கிறான்.

உயர்ந்த காட்சிகள் இவை. ஆனால் இரண்டும் பாசறைக்குள் நிகழ்பவை. அரசனின் பார்வை படும் இடம் படைவீடு; புண்பட்டவன் ஊருக்குத் திரும்பியபின் அவ்விளக்கு அங்கு வருவதில்லை. அரசன் தரும் சிறப்புகளும் வீரனின் மேலேயே அமைகின்றன. தண்ணடை எனப்பெறும் மருதநிலத்து ஊர்களை மறவர் பெறும் வழக்கம் புறநானூறு 287, 297-ஆம் பாடல்களால் தெரிகிறது. நெடுங்களத்துப் பரணரின் 291-ஆம் பாடலில் அரசன் தன் மணிமாலையை வீரனுக்குச் சூட்டி, வீரனின் ஒற்றை வட மாலையைத் தான் அணிந்துகொள்கிறான். மாலை மாற்றும் அந்த அன்பு பெரிது. அப்பாடலைப் பேசுபவளோ விழுந்து கிடப்பவனின் மனைவி. பறவைகளை விரட்டுமாறு துடியரிடமும் பாடுவாரிடமும் கூறிவிட்டு, நரிகளைத் தான் விளரிப் பண்ணால் ஓட்டுகிறாள். தான் நடுங்குவதுபோலவே வேந்தனும் நடுங்கட்டும் என்கிறாள். சங்கப் புறப்பாடல்களில் புண்பட்டவனின் வீட்டார் அரசனைத் தமக்கு ஒப்பாக நிறுத்திப் பேசும் இடம் இதனினும் கூர்மையாக வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. அவள் வேண்டுவது ஊரும் பொன்னும் அன்று. தன் நடுக்கத்தில் ஒரு பங்கு.

கல் சொல்வதும் சொல்லாததும்

வேங்கடத்திற்குத் தெற்கிலும் மேற்கிலும் பல்லவர் காலம் தொட்டு வாணர் ஆட்சி செய்தனர். திருப்பதிக்கு அண்மையிலுள்ள குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் பல்லவப் பேரரசின்கீழ் அவர்கள் இருந்த நிலையைக் காட்டுகின்றன. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் வாணர், நுளம்பர், கங்கர், வைதும்பர் ஆகியோர் ஒருவரோடொருவர் பொருத பூசல்களின் சுவடாக, புங்கனூர், பலமநேர் வட்டாரங்களில் நடுகற்கள் கிடைத்துள்ளன. தெற்கே ஆம்பூரில் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இரு தமிழ் நடுகற்கள், நுளம்பனின் படை ஆநிரை கவர வந்தபோது பொருது வீழ்ந்தவர்க்கு எடுக்கப்பட்டவை. செங்கம் பகுதிக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் தொகுத்து வெளியிட்ட பின்னரே இவ்வகை ஆவணங்களின் பரப்பு ஆய்வாளர்க்கு முழுமையாகத் தெரியவந்தது.

இக்கற்களின் வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சில் அமைந்தது. அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரனின் தலைவன், வீரனின் பெயர், நிகழ்ச்சி, இறுதியில் பட்டான் என்னும் வினைமுற்று. பட்டான் என்றால் இறந்தான். பாடுபட்டான், புண்பட்டான் என்னும் வழக்குகளில் அதே வினை துன்புற்று வாழ்வதையும் குறிக்கும் என்பது மொழியின் விந்தை. கல்லில் அவ்விரண்டாம் பொருளுக்கு இடமில்லை. புண்பட்டு உயிர் பிழைத்தவனுக்குக் கல் நடுவது மரபன்று. உடன்கட்டை ஏறிய மனைவிக்குச் சதிக்கல் உண்டு. உடனிருந்து பேணிய மனைவிக்குக் கல் இல்லை.

எடுத்தனூர்க் கல்லை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், வாணகோ அரைசரைச் சார்ந்த கருந்தேவக்கத்தி என்பான் எருமைகளைக் காத்துப் பட்டபோது, கோவிவன் என்னும் நாய் இரு கள்வரைக் கடித்துக் காவல் காத்தது. நாயின் உருவமும் பெயரும் கல்லில் உள்ளன. காவலுக்கு நன்றி சொல்லும் மரபு தமிழர்க்கு இல்லாமல் இல்லை என்பதற்கு இது சான்று. களத்தில் நிகழ்ந்த காவலுக்கு மட்டுமே அது சொல்லப்பட்டது.

பொருள் வகையிலும் இதே எல்லைதான். உதிரப்பட்டி, இரத்தமானியம் என்னும் சொற்கள் போரில் இறந்தவனின் வழியினர்க்கு இறையிலியாக அளிக்கப்பெற்ற நிலத்தைக் குறிப்பன. தமிழில் நெய்த்தோர், தெலுங்கில் நெத்துரு, கன்னடத்தில் நெத்தரு என ஒரே வேரிலிருந்து குருதிக்குப் பெயர் வழங்கும் எல்லைநிலம் இது. கன்னட நாட்டில் நெத்தர் கொடகெ என்ற பெயரால் இதே கொடை வழங்கியது. பெங்களூரை அடுத்த பேகூரில் கிடைத்த கங்கர் காலக் கல், தும்பேபாடியில் பொருது வீழ்ந்த நாகத்தரனுக்காக எரேயப்பன் பெம்பூர் பன்னிரண்டு ஊர்களை இருகன் என்பானுக்குக் கல்நாடாக அளித்ததைக் கூறுகிறது. வீழ்ந்தவனின் இடத்தை நிரப்ப வருபவனுக்கு நிலமும் சிறப்பும் கிடைக்கின்றன. அரசுக்கு அடுத்த வீரன் வேண்டும். கை இழந்து வீட்டில் கிடப்பவனின் குடும்பம் அவ்வாறு எதனையும் அரசுக்குத் திருப்பித் தருவதில்லை. குருதியின் பெயரால் நிலம் அளித்த மரபு, குருதி சிந்திப் பிழைத்தவனின் மனையைத் தன் கொடைக்கு வெளியே விட்டதன் காரணத்தை இக்கணக்கில்தான் தேடவேண்டும்.

ஆதுலசாலையின் நெல்

கல்வெட்டில் பேணும் பெண்கள் அறவே இல்லை என்று சொல்லிவிட இயலாது. வீரராசேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு, வீரசோழன் என்னும் பெயர்கொண்ட ஆதுலசாலையின் அமைப்பை விரிவாகச் சொல்கிறது. 15 நோயாளிகளுக்குப் படுக்கை, காணி உடைய மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், மருந்து அடும் பெண்டிர். ஒவ்வொருவர்க்கும் நெல் அளவிடப்பட்டுள்ளது. இரவில் எரியும் விளக்கும் கணக்கில் வருகிறது.

இது படைவீரர்க்கான மருத்துவமனை அன்று. கோயிலையும் அதன் கல்லூரியையும் சார்ந்தோர்க்கானது. ஆயினும் இக்கட்டுரையின் பொருளுக்கு இதன் இன்றியமையாமை வேறு வகையானது. மருந்து காய்ச்சி நோயாளி அருகில் நிற்கும் பெண்ணின் உழைப்பு நெல்லால் அளக்கத்தக்கதே என்பதை 11-ஆம் நூற்றாண்டு நிருவாகம் அறிந்திருந்தது. அதே வேலையை அவள் தன் வீட்டில் செய்தால் அளவுகோல் இல்லாமல் போகிறது. உழைப்பின் தன்மை மாறவில்லை, கூரைதான் மாறியது. அரிசில்கிழார் வரிசைப்படுத்திக் காட்டிய அத்தனை செயல்களும் மனை என்ற ஒரே காரணத்தால் கணக்கேட்டுக்கு வெளியே நின்றன.

புதிய படையும் புதிய ஏடும்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1-இல் உருவானபோது அதன் சித்தூர், சந்திரகிரி, பலமநேர் வட்டங்கள் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டவை. பின்னர் 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினும், வேலூரை மையமாகக் கொண்ட படைச்சேர்க்கை மரபும் மருத்துவத்திற்கு வேலூரை நாடும் வழக்கமும் இரு பக்கத்திலும் தொடர்ந்தன.

உலகப்போர்கள் புண்பட்டவரின் எண்ணிக்கையையும் தன்மையையும் மாற்றின. பழைய போர்களில் இறந்திருக்கக்கூடியவர்கள் இப்போது உறுப்பிழந்து வாழ்ந்தனர். 1917-இல் பம்பாயில் வில்லிங்டன் சீமாட்டி தொடங்கிய இராணி மேரி தொழில்நுட்ப நிலையம் உறுப்பிழந்த இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்பித்தது. 1922-இல் அது புணேயை அடுத்த கிர்க்கிக்கு மாறியது. 1919-இல் இந்தியச் சிப்பாய்கள் வாரியம் அமைந்தது. இன்றைய மத்திய, மாவட்டப் படைவீரர் வாரியங்கள் அதன் வழிவந்தவை. 1944-இல் புணேயில் செயற்கை உறுப்பு மையம் நிறுவப்பட்டது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. தண்டுவடம் சிதைந்து இடுப்பின்கீழ் இயக்கம் இழந்த வீரர்க்கான மறுவாழ்வு மையம் 1974-இல் கிர்க்கியில் தோன்றியது.

இவை அனைத்தும் வீரனுக்கானவை; அவ்வாறு இருப்பதில் குறை ஏதுமில்லை. ஆனால் தண்டுவடம் சிதைந்தவர் எல்லாரும் மையத்திலேயே வாழ்வதில்லை. ஊருக்குத் திரும்புபவரின் உடல் கேட்கும் வேலை கடுமையானது. உணர்வற்ற உடலை இரவிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண் வரும். சிறுநீர்க்குழாயைத் தூய்மையாக வைக்க வேண்டும். தவறினால் தொற்று சிறுநீரகம் வரை செல்லும். களத்தில் பட்ட புண் ஆறிய பின்னரும் புண் வாராமல் காக்கும் வேலை வாழ்நாள் முழுவதும் நீள்கிறது. பேயின் பெயர் மாறியிருக்கிறது. இரவு விழிப்பு மாறவில்லை. தோழியும் துடியரும் இல்லாத வீட்டில் அதனை மனைவியோ தாயோ பெரும்பாலும் தனியே செய்கின்றனர்.

இவ்வேலை கற்றுத்தரத்தக்கது என்பதை இந்தியாவில் முன்னோடியாக உணர்ந்த நிறுவனங்களுள் ஒன்று வேலூரிலேயே உள்ளது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீசு 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்பின்கீழ் இயக்கம் இழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தவர். அவருடைய முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. அங்குத் தங்குபவரோடு குடும்பத்தார் ஒருவரும் தங்கி, புரட்டுதல், தூக்குதல், கழிவு நீக்குதல் ஆகியவற்றைப் பழகுவது சிகிச்சையின் பகுதியாகவே வைக்கப்பட்டது. படைவீரர்க்கென அமைந்ததன்று அந்நிலையம். எனினும் உடனிருப்பவரை ஏவலாளாகக் கருதாமல் பயிற்சிக்கு உரியவராகக் கண்ட முறை என்ற வகையில், படைத்துறை நிறுவனங்களின் வரலாற்றோடு சேர்த்து எழுதத்தக்கது.

படி யாருக்கு

உடனிருப்பவர் அரசின் ஓய்வூதிய விதிகளில் நுழையும் வாயில், கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்று அலுவலகங்களில் வழங்கும் இடைவிடாக் கவனிப்புப் படி. படைப்பணியால் நூறு விழுக்காடு ஊனமுற்று, எப்போதும் ஒருவர் துணை தேவை என்று மருத்துவக் குழு சான்றளிக்கும் ஓய்வூதியருக்கு இது உண்டு. ஐந்தாவது ஊதியக்குழுவின் காலத்தில் மாதம் 600 ரூபாய். ஆறாவது குழுவிற்குப் பின் 3,000. ஏழாவது குழுவை அடுத்து 6,750. முப்பது நாளுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு 225 ரூபாய். இரவும் பகலுமான வேலைக்கு இது கூலியாகாது என்பது வெளிப்படை. அரசும் அதனைக் கூலி என்று சொல்லவில்லை.

தொகையைக் காட்டிலும் அமைப்பே ஆராயத்தக்கது. படி வீரனின் பெயரில், வீரனின் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வருகிறது. துணையிருப்பவர் எவர், எத்தனை ஆண்டுகளாக, எந்த வேலையை விட்டுவிட்டு இருக்கிறார் என்பவற்றை அறிய அப்படிக்குத் தேவையில்லை. ஓய்வூதியர் அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும் நாட்களுக்கு அது வழங்கப்படுவதில்லை. மருத்துவமனையில் செவிலியர் பார்த்துக்கொள்வர் என்பது விதியின் எண்ணம். அந்நாட்களில் மனைவி வீட்டைப் பூட்டிவிட்டு, சித்தூரிலிருந்தோ பலமநேரிலிருந்தோ பேருந்து ஏறி வந்து, கட்டிலருகே பாய் விரித்துப் படுப்பாள் என்பதை இந்திய மருத்துவமனைகளை ஒருமுறை கண்டவரும் அறிவர்.

மேலைநாடுகள் இதில் முன்னரே தெளிந்திருந்தன என்று எண்ணுவதும் பிழை. பிரித்தானியா 1976-இல் ஊனமுற்றோரைப் பேணுவோர்க்கு நேரடியாக உதவித்தொகை கொண்டுவந்தது. மணமான பெண்களை மட்டும் அதிலிருந்து விலக்கியது. அவர்கள் எப்படியும் வீட்டில்தான் இருப்பார்கள் என்பதே அடிப்படை. தாயைப் பேணிய மணமான பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் 1986-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அவ்விலக்கு நீடித்தது. திருமுக்கூடலில் நெல் பெற்றவளுக்கும் தொடாக்காஞ்சியில் பெறாதவளுக்கும் இடையே இருந்த அதே கோடு, எழுத்துப்பூர்வமான சட்டமாகவே அங்கு இருந்தது.

படைவீரரின் குடும்பத்தைப் பொறுத்தவரை தெளிவான மாற்றம் அமெரிக்காவில் 2010-இல் வந்தது. ஆப்கானித்தான், ஈராக் போர்களில் கடுமையாகக் காயமுற்றோரைப் பேணும் குடும்பத்தார்க்கே மாத உதவித்தொகை, பயிற்சி, மருத்துவக் காப்பீடு, சில நாட்கள் ஓய்வெடுக்க மாற்றாள் ஆகியவற்றை அவ்வாண்டுச் சட்டம் அளித்தது. முதலில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய போர்களில் காயமுற்றோரின் வீட்டார்க்கு மட்டுமே இது கிடைத்தது. வியட்நாம் போர்க்காலத்தவரையும் அதற்கு முந்தையோரையும் பேணி முதுமையடைந்த மனைவியர் 2020 வரை காத்திருந்தனர்; இடைப்பட்டோர்க்கு 2022-இல் விரிவுபட்டது. பணம் பேணுபவரின் பெயரிலேயே செல்வது இத்திட்டத்தின் சிறப்பு.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேணுநர் என்ற சொல்லுக்கு வரையறை தந்தது. ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளிக்குத் துணையிருக்கும் பெற்றோரும் பிற குடும்பத்தாரும் அவ்வரையறைக்குள் வருகின்றனர். ஊதியமின்றியும் ஒருவர் பேணுநராகலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று. ஆனால் அதே சட்டம் பேசும் பேணுநர் படியும், மிகுந்த துணை தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கு வழங்கத்தக்கதாகவே அமைந்துள்ளது. வரையறையில் பெயர் பெற்றவர் பட்டுவாடாவில் மீண்டும் பின்னால் நிற்கிறார்.

படைவீரர் இறந்த மறுநாள் முதல் இந்நிலை வெளிப்படையாகத் தெரிகிறது. இடைவிடாக் கவனிப்புப் படி நின்றுவிடும். குடும்ப ஓய்வூதியம் தொடங்கும். அதனைக் கணக்கிடக் கணவரின் தரநிலை, இறுதி ஊதியம், இறப்புக்கும் படைப்பணிக்கும் உள்ள தொடர்பு ஆகியவை எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இருபதோ முப்பதோ ஆண்டுகள் இரவில் எழுந்து புரட்டிப் படுக்கவைத்தது அக்கணக்கில் எந்தக் கட்டத்திலும் எழுதப்படுவதில்லை.